குதிரையின் காலில் குறை: வாங்க வருகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் குதிரைப் பிரியர். சில வருடங்களுக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஒரு செவலைக் குதிரையை வாங்கி வந்து வளர்த்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அனுப்புவார், மற்ற நாளில் வாய்க்கால் கரையில் தானே ஏறி ஓட்டுவார். போன வருடம் அவர் காலமாகிவிட்டார். கொள்ளுக்கும் புல்லுக்கும் பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலிக்கும் ஈடுகொடுக்க முடியாமல், குதிரையை விற்க வாசகி முடிவு செய்திருக்கிறார். திருச்சியில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒருவர் 1,80,000 ரூபாய்க்கு விலை பேசி 25,000 முன்பணமும் கொடுத்தார். "டாக்டர் பாத்து சரின்னு சொன்னதும் மீதியைக் கொடுத்துட்டு வண்டி ஏத்திக்கிறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுத, வாசகியும் "சரி" என்று பதில் போட்டிருக்கிறார்.

டாக்டர் வந்தார். வலது முன்னங்காலைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டபோது குதிரை லேசாக நொண்டியது. எக்ஸ்ரேயில், குளம்புக்குள் இருக்கும் நேவிகுலர் என்ற சிறிய எலும்பில் மாற்றம் தெரிந்தது. தடை தாண்டுவதற்கும் கடுமையான ஓட்டத்துக்கும் ஏற்றதல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திருச்சிக்காரர் இப்போது முன்பணத்தையும் டாக்டர் செலவு 6,000 ரூபாயையும் திருப்பிக் கேட்கிறார், இல்லையென்றால் 90,000 ரூபாய்க்குக் கொடுங்கள் என்கிறார். இதற்கிடையே எல்கைப் பந்தயத்துக்கு, அதாவது சாலையில் எல்லை வைத்து ஓட்டும் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு, குதிரை தேடும் ஒருவர், மயிர்ச் சுழி சுத்தமாக இருக்கிறது, டாக்டரெல்லாம் வேண்டாம், 1,70,000 தருகிறேன் என்று வந்து நிற்கிறார். அவரோடு பேசிக்கொண்டிருப்பது வாசகியின் கொழுந்தனார். "பாத்து வாங்குறது வாங்குறவன் பொறுப்பு, நாம ஏன் வாயைத் திறக்கணும்" என்பது அவர் கட்சி. ஓட்டிப் பார்க்க வரும் அன்று ஒரு வலி ஊசி போட்டுவிடலாம் என்று தரகர் வேறு யோசனை சொல்லியிருக்கிறார்.

முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, இரண்டாமவரிடம் காலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, நல்ல வியாபாரத்தைக் கெடுத்த டாக்டர் மேல் வழக்குப் போட முடியுமா? இந்த மூன்றும்தான் வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் ஆசையாக வளர்த்த குதிரையை விற்பதே கஷ்டம். அதில் இப்படி ஒரு சிக்கலும் சேர்ந்தால் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குப் புரிகிறது. நான் வழக்கறிஞர், கால்நடை மருத்துவர் அல்ல. ஆனாலும் இதுபோன்ற தகராறுகளில் டாக்டர்களின் அறிக்கைகளைப் படித்தும் அவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் சட்டம் பேசிப் பயனில்லை.

குதிரை ஃபெயில் ஆகிவிட்டது என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனையில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. வாங்குகிறவர் எந்த வேலைக்காக வாங்குகிறாரோ அந்த வேலைக்கு இந்தக் குதிரை இன்றைய நிலையில் ஒத்துவருமா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. நிற்கவைத்துக் கண், பல், இதயம் பார்ப்பார்கள். நேர்கோட்டில் நடக்கவும் ஓடவும் விடுவார்கள். கொஞ்சம் மூச்சு வாங்க ஓட்டிவிட்டு, ஓய்வு கொடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடும் சோதனையில் நல்ல குதிரைகளும் சில சமயம் இரண்டு எட்டு நொண்டுவதுண்டு. நேவிகுலர் எலும்பில் எக்ஸ்ரே மாற்றம் இருந்தும் வருடக்கணக்கில் வேலை செய்யும் குதிரைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே காலில் சேர்ந்து தெரிந்ததால்தான் உங்கள் டாக்டர் எச்சரித்திருக்கிறார். அது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. அதற்காகக் குதிரை முடிந்துபோனது என்றும் அர்த்தமில்லை.

இன்னொன்று. நம் பகுதியில் மழைக்காலம் வந்தால் களிமண் தரை மாதக்கணக்கில் காயாது. ஈரத்தில் நின்றுகொண்டே இருக்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பாகம் அழுகி வலி வரலாம். கணவர் போன பிறகு குளம்பு சீவுவதும் லாடம் மாற்றுவதும் தள்ளிப் போயின என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலிக்கு அதுவும் ஒரு காரணமா என்று யாராவது பார்த்தார்களா? ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். குதிரையின் நொண்டலைப் பார்க்கும் டாக்டரிடம் இன்னொரு கருத்து கேளுங்கள். குளம்பின் பின்பகுதியை ஊசியால் மரத்துப்போக வைத்து, நொண்டல் மறைகிறதா என்று பார்த்து வலி எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை அவர்களிடம் உண்டு. சரியாகச் சீவி, அந்தக் காலுக்கு ஏற்ற லாடம் கட்டி, சில வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கலாம். அதன்பின் உங்கள் கையில் இருக்கும் அறிக்கையை வைத்து நீங்களே விலை பேசலாம்.

முன்பணம்

25,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாக்டர் சரி என்று சொன்னால்தான் வாங்குவேன் என்று அவர் எழுதினார், நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இது நிபந்தனையைப் பொறுத்த ஒப்பந்தம். 1872-ஆம் ஆண்டு வந்த அந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இரண்டு குதிரை வியாபாரம்தான். ஒருவர் தன் குதிரையை முதலில் வேறொருவருக்குக் காட்டியிருக்கிறார், அவர் வேண்டாம் என்றால் உனக்கு இந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். முதல் ஆள் மறுக்கும்வரை அந்தப் பேச்சை வைத்து யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது சட்டம். உங்கள் விஷயத்தில் டாக்டரின் 'சரி' வரவில்லை, இனி அவர் அறிக்கையை மாற்றி எழுதப்போவதும் இல்லை. அப்படி ஒப்பந்தம் செல்லாமல் போனால், வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. பேசி முடித்த பிறகு வாங்குகிறவர் காரணமில்லாமல் பின்வாங்கினால் முன்பணம் போச்சு என்று ஊரில் சொல்வது வேறு சூழ்நிலைக்கு. இங்கே அது பொருந்தாது, வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியாக நிற்கும்.

டாக்டர் செலவை நீங்கள் தர வேண்டியதில்லை. தன் மனத்திருப்திக்காக அவர் வரவழைத்த டாக்டர் அவர். நீங்கள் தருவதாகப் பேசியிருந்தால் தவிர, அது அவர் செலவு. பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி, "முன்பணம் முழுவதும் கிடைத்தது, இந்த விற்பனையில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது முடிவதற்குள் இன்னொருவரிடம் ஒரு ரூபாய்கூடக் கை நீட்டாதீர்கள். ஒரே குதிரைக்கு இரண்டு முன்பணம் இருந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

சொல்லாமல் விற்கலாமா

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எதுவென்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. அதிலும் உதாரணம் குதிரைதான். நோயுள்ளது என்று தெரிந்த குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார், நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். கொழுந்தனார் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியை. அதற்கு அடுத்த உதாரணங்களைப் பாருங்கள். வாங்குகிறவர் விற்பவரின் மகள், அப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால், சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. வாங்குகிறவர், "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்" என்று சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

குதிரை வாங்க வருகிற எவரும் "காலெல்லாம் எப்படி?" என்று கேட்காமல் போவதில்லை. பந்தயத்துக்கு வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். கேட்ட அந்த நொடியில் நீங்கள் சொல்லாமல் இருக்கும் சௌகரியம் முடிந்துபோகிறது. "ஒண்ணும் இல்லை" என்றால் அது பொய், பேசாமல் தலையாட்டினாலும் கிட்டத்தட்ட அதேதான். பேசுவது கொழுந்தனார்தானே, நான் இல்லையே என்று நினைக்காதீர்கள். உங்களுக்காகப் பேசுகிறவர் சொன்ன பொய், நீங்கள் சொல்லச் சொல்லாவிட்டாலும், வியாபாரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதற்குச் சமம் என்கிறது 238-ஆம் பிரிவு. தரகர் உங்கள் சார்பில் பேசினால் அவர் பேச்சுக்கும் இதே விதிதான். சந்தை வழக்கப்படி துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடித்தாலும் விற்பவர் நீங்கள்தான்.

"இருக்கிற நிலையில் விற்கிறேன், பின்னால் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிவிட்டால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெரியாத குறைகளுக்கு அந்த வரி ஓரளவு பாதுகாப்பு தரும். தெரிந்தே மறைத்ததற்குத் தராது.

உங்களுக்குச் சாதகமானதையும் சொல்ல வேண்டும். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, விற்ற பொருள் குறிப்பிட்ட வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு பெரும்பாலும் அதையே தொழிலாகச் செய்கிற வியாபாரிக்குத்தான். நீங்கள் குதிரை வியாபாரி அல்ல, வீட்டில் வளர்த்த ஒன்றை விற்கிறீர்கள். ஆகவே, நீங்களாக வாயைக் கொடுத்து "எந்தக் குறையும் இல்லை, கேரண்டி" என்று சொல்லாதவரை, பின்னால் வருகிற ஒவ்வொரு நோவுக்கும் உங்களைப் பொறுப்பாக்க முடியாது. தெரிந்த குறையைச் சொல்லிவிட்டால் அந்தக் குறையைக் காரணம் காட்டியும் யாரும் திரும்பி வர முடியாது. சொல்வதால் விலை கொஞ்சம் குறையும். சொல்லாமல் விற்றால், ஏமாந்தது அவருக்குத் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடம் வரை வழக்குப் போட அவருக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்குமா? டாக்டர் வந்து பார்த்தது ஊருக்கே தெரியும். மன்னார்குடியில் நடந்தது பந்தயக்காரர் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

அந்த ஊசி

இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கூடவே கூடாது. யோசனை சொன்ன தரகரை இந்த விற்பனையிலிருந்தே விலக்கிவிடுங்கள்.

மௌனம் காப்பதற்கும் மறைப்பதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. வலியை மருந்தால் அமுக்கிவிட்டு ஓட்டிக் காட்டுவது, தெரிந்த குறையைச் செயலால் மறைப்பது. 17-ஆம் பிரிவில் நேராக மோசடி என்று சொல்லப்பட்டது அது. வாங்குகிறவர் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று மௌனத்துக்குச் சொல்லக்கூடிய சமாதானம் இங்கே எடுபடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் இது ஏமாற்றுக் குற்றமாகவும் பதிவாகலாம். ஏமாற்றிப் பணத்தைக் கொடுக்க வைத்ததற்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு. மருந்தின் தடயமும் உடனே மறைந்துவிடாது. குதிரைகளுக்குப் போடும் ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்து சில நாள் கழித்தும் ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

சட்டத்தை விடவும் என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் நடப்பது போன்ற எல்கைப் பந்தயம் சாலையில் ஓடுவது. நேவிகுலர் கோளாறு உள்ள குளம்புக்குக் கெட்டித் தரையில் விழும் ஒவ்வொரு அடியும் வலி. அப்படிப்பட்ட குதிரை தடுக்கி விழுவது சாதாரணம். வண்டியில் இருக்கிறவரும் சாலை ஓரத்தில் நிற்கிற பிள்ளைகளும் என்ன ஆவார்கள்? வேலைக்குத் தகாத பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். விற்றபின் அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவருக்குத்தான். ஆனாலும் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அவர் பந்தயத்துக்கே வேண்டும் என்றால், அவருக்கு விற்காதீர்கள் என்பது என் கருத்து. சுழி நல்லதா கெட்டதா என்பது அவரவர் நம்பிக்கை. அது குளம்புக்குள் இருக்கும் எலும்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

டாக்டர் மேல் வழக்கு

வேண்டாம். அவர் வாங்குகிறவருக்காக வந்தார், கண்டதை எழுதினார். பொய் என்று தெரிந்தே எழுதினார் என்று நிரூபிக்க முடிந்தால் தவிர வழக்கு நிற்காது. வழக்குப் போட்டால், மறைக்கலாம் என்று உங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் அந்த அறிக்கை நீதிமன்றப் பதிவாகிவிடும். அதைவிட, திருச்சிக்காரரிடம் அறிக்கைக்கும் எக்ஸ்ரேவுக்கும் ஒரு பிரதி கேளுங்கள். அது அவர் பணத்தில் வந்தது, கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. முன்பணத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறவருக்குப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளவும் அவசரப்படாதீர்கள். குதிரையின் குறை தெரிந்த ஒரே வாங்குநர் அவர்தான், அது உங்களுக்கு நல்லது. 90,000 என்பது அவர் குறைத்துக் கேட்ட முதல் விலை, கடைசி விலை அல்ல. டாக்டர் வேண்டாம் என்றது தாண்டுவதையும் கடும் ஓட்டத்தையும்தான். சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து மெதுவாக நடத்துவதற்கு ஒத்துவருமா என்று அதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஊர்வலத்தில் மேளத்துக்கும் வேட்டுக்கும் மிரளாமல் பழகிய குதிரை என்பது பயிற்சிப் பள்ளிக்குப் பெரிய விஷயம், அதற்கு விலை உண்டு. சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் கேட்டால், எத்தனை நாள், தீவனம் யார் செலவு, அந்த நாட்களில் குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று எழுதிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால், அவர் சரி என்று சொல்லும்வரை நஷ்டம் பொதுவாக உங்கள் தலையில்தான்.

விற்கும் அன்று

யாருக்கு விற்றாலும் ஒரு ரசீது எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், பதிவு செய்ய வேண்டியதில்லை. 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். குதிரையின் நிறம், அடையாளம், பல் பார்த்துச் சொன்ன வயது, விலை, தேதி எல்லாம் இருக்கட்டும். முக்கியமான வாசகம் இது:

"வலது முன்னங்காலில் மடக்குச் சோதனையில் நொண்டல் தெரிந்ததையும், நேவிகுலர் எலும்பில் எக்ஸ்ரே மாற்றம் இருப்பதையும் விற்பவர் சொல்லி, மருத்துவர் அறிக்கையின் பிரதியும் கொடுத்தார். அதைப் படித்துப் புரிந்துகொண்டு, லேசான வேலைக்காக இந்தக் குதிரையை வாங்குகிறேன்."

கீழே வாங்குகிறவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும். அறிக்கைப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் அவரை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். திருச்சிக்காரர் பிரதி தராவிட்டால் ஒரத்தநாட்டு அறிக்கையை வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாமியார் உங்களோடு இருக்கிறார், மகன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கணவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் மாமியாருக்கும் அந்தக் குதிரையில் பங்கு உண்டு. கொழுந்தனாருக்கு இல்லை. ஆகவே மாமியாரிடமும் மகனிடமும், மகள் இருந்தால் அவரிடமும், விற்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவரும் நாளைக்கு அதைக் கேட்கலாம். லாரியில் ஏற்றுமுன், பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். வலியுள்ள காலோடு திருச்சி வரை நின்றுகொண்டே போக முடியுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.